கூடத்தில் ஒரு பெரிய திரை

இல்லறத்தின் பெரிய முடிவுகளைக் கணவனும் மனைவியும் எப்படியோ கூடி எடுத்துவிடுகிறார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது, மனை வாங்குவது, முதிய பெற்றோருக்கு அறுவை சிகிச்சை செய்வது போன்றவற்றில் ஒருவர் சொல்லுக்கு மற்றவர் இணங்கிப் போவதை நாம் காண்கிறோம். காரியத்தின் கனமே இருவரையும் நிதானத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. அதே தம்பதியர், கூடத்துச் சுவரில் மாட்டும் தொலைக்காட்சி 32 அங்குலமாகவே இருக்கட்டுமா, 55 அங்குலமாக மாறட்டுமா என்ற கேள்வியில் மூன்று நாள் முகங்கொடுத்துப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் அந்த மூன்று நாளும் அந்த வீட்டுப் பிள்ளைகள் தாய் முகத்தையும் தந்தை முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை எண்ணும்போது சிரிப்பு வருவதில்லை. வாங்கினாலும் குற்றமில்லை, வாங்காவிட்டாலும் குறையில்லை என்ற நிலையில் உள்ள ஒரு பொருளை ஒருவர் விரும்பி மற்றவர் மறுத்தால், யாருடைய சொல் நிற்க வேண்டும்? இக்கேள்வியைத்தான் இங்கே ஆராய விரும்புகிறோம்.

தொலைக்காட்சி நம் வீடுகளுக்குள் வந்த வரலாறு நீண்டதன்று. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று டில்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. சென்னை நிலையம் 1975-இல் வந்தது. இலங்கையில் 1982-இல் ரூபவாஹினி தொடங்கிய பின், நம் தென்கடற்கரை ஊர்களில் உயரமான கம்பங்களில் ஆன்டெனா கட்டி அக்கரை ஒளிபரப்பைப் பார்த்தவர்கள் பலர். அந்நாளில் தெருவுக்கு ஒன்றிரண்டு வீடுகளில்தான் பெட்டி இருந்தது. அண்டை வீட்டார் பாயில் வரிசையாக அமர்ந்து பார்த்தார்கள். பெட்டி வீட்டுக்குள் வரலாமா, கூடாதா என்பதே நம் குடும்பங்கள் பலவற்றில் அன்றைய வழக்காக இருந்தது. 2006-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின் வழியாக 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி ஏழை எளியவர் வீடுகளுக்கும் இலவசமாகச் சென்றது. இன்று வரலாமா என்ற கேள்வி ஏறத்தாழ மறைந்துவிட்டது. எவ்வளவு பெரிதாக வரலாம் என்ற கேள்வி அதன் இடத்தில் வந்து அமர்ந்திருக்கிறது.

முதலில் அந்த அங்குலக் கணக்கையே சற்றுப் பார்ப்போம். கடைக்காரர் சொல்லும் அளவு, திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு உள்ள நீளம். 32-க்கும் 55-க்கும் இடையே 23 அங்குலந்தான் வேறுபாடு என்று காது கேட்கிறது. பரப்பைக் கணக்கிட்டால், ஏறக்குறைய மூன்று மடங்கு சுவரை அது எடுத்துக்கொள்கிறது. கடையின் அகன்ற கூடத்தில் சிறிதாகத் தோன்றிய திரை, நம் வீட்டுச் சுவரில் ஏறியதும் வேறொன்றாகத் தோன்றுவதன் காரணம் இதுதான். பார்ப்பவரின் கண்ணுக்குத் திரையின் அகலம் 30 பாகைக் கோணத்தில் அமைவது நலம் என்று ஒரு கணக்கு உண்டு. அதன்படி 55 அங்குலத் திரைக்கு ஏழரை அடி தொலைவும், 43 அங்குலத் திரைக்கு ஏறத்தாழ ஆறடி தொலைவும் பொருத்தமாகும். பத்தடி அகலமுள்ள கூடத்தில், சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் ஏழரை அடி மிஞ்சும். ஆகவே பெரிய திரை கேட்பவர் அறிவிழந்து கேட்கிறார் என்று சொல்லிவிட முடியாது. அளவுகோல் அவருக்கும் இடம் தருகிறது. வழக்கை அளவுகோல் தீர்க்காது என்பதே இதிலிருந்து நாம் அறிவது.

அரசின் கணக்கும் தீர்க்காது. 2019 சனவரி முதல் 32 அங்குலம் வரையுள்ள தொலைக்காட்சிக்கு 18 விழுக்காடும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 28 விழுக்காடும் சரக்கு சேவை வரி இருந்தது. 32 வரை தேவை, அதற்கு மேல் ஆடம்பரம் என்று சட்டம் கோடு கிழித்ததுபோல் அது தோன்றியது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய திரைக்கும் 18 விழுக்காடே என்று ஆகிவிட்டது. ஆடம்பரமாக இருந்தது ஒரே இரவில் தேவையாகிவிட்டதா? அரசு தன் வருவாயையும் சந்தையையும் பார்த்துக் கோடு போடுகிறது. குடும்பம் தன் கோட்டைத் தானே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி வீட்டுக்குள் செல்வோம். நம் ஊர்களில் அடிக்கடி காணும் இரண்டு நிலைமைகளை எடுத்துக்கொள்வோம்.

ஒரு குடும்பத்தில் கணவர் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். ஆறு பேர் தங்கும் அறையில் அடுக்குக் கட்டிலில் படுத்துப் பல ஆண்டுகள் கழித்தவர். இரண்டு மாத விடுமுறையில் ஊர் வரும்போது, தம் வீட்டுக் கூடத்தில் தம் பிள்ளைகளோடு அமர்ந்து பெரிய திரையில் கிரிக்கெட் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. மனைவி வேண்டாம் என்கிறார். அந்தக் கூடத்தில்தான் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் புத்தகம் விரிக்கிறாள், சின்னவன் ஓதுகிறான். கணவர் விமானம் ஏறிய பிறகு எஞ்சிய மாதங்கள் முழுவதும் அந்தத் திரையோடும், அதை அணைக்க மறுக்கும் பிள்ளைகளோடும் போராட வேண்டியவர் அவரே. கணவர் கேட்பது அறுபது நாளுக்கு. மனைவி எண்ணுவது மீதி முந்நூறு நாளை.

இன்னொரு குடும்பத்தில் நிலைமை மாறியிருக்கிறது. கணவர் உள்ளூர்க் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். மனைவி தையல் வேலை செய்து, சீட்டுக் கட்டிக் கொஞ்சம் சேர்த்திருக்கிறார். பகல் முழுவதும் தையற்பொறியும் அடுக்களையுமாகக் கழிகின்றன. இரவில் ஒரு மணி நேரம், கண் பார்வை மங்கிய மாமியாரோடு அமர்ந்து பார்க்கும் நிகழ்ச்சிதான் அவருக்கு ஓய்வு. பழைய பெட்டியில் மாமியாருக்கு முகங்கள் தெரிவதில்லை. பெரிதாக ஒன்று வாங்கலாம் என்கிறார். கணவரோ, வீண் செலவு என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டுத் தம் கைப்பேசியில் கிரிக்கெட் பார்க்கச் சென்றுவிடுகிறார்.

இரு வீடுகளிலும் கேட்கப்படுவது ஒரே பொருள். இரு வீடுகளுக்கும் ஒரே தீர்ப்புச் சொல்ல முடியுமா? முடியாது என்று நம் உள்ளம் உடனே சொல்கிறது. ஏன் முடியாது என்பதைத்தான் நாம் தெளிந்துகொள்ள வேண்டும்.

சம்பாதிப்பவர் சொல்லே நிற்க வேண்டும் என்பது பலர் கூறும் முதல் விடை. உழைத்துச் சேர்த்தவருக்கு அதைச் செலவிடும் உரிமை இல்லையா என்று கேட்கிறார்கள். இந்த விடையைச் சொல்லும் ஆண்கள், இரண்டாவது குடும்பத்தில் பணம் மனைவியுடையது என்றதும் தயங்குகிறார்கள். மனைவியின் பொருள் மனைவிக்கே உரியது என்பது ஃபிக்ஹு நூல்களில் தெளிவாக உள்ள சட்டம். ஆகவே தயங்குவதற்கு அவர்களுக்கு வழியில்லை. ஆனாலும் இந்த விடையில் ஒரு குறை இருக்கிறது. பணம் ஒருவருடையதாக இருக்கலாம். கூடம் ஒருவருடையதன்று. ஒருவர் தம் பணத்தில் தமக்குச் சட்டை வாங்கினால் அது அவர் உடம்போடு நிற்கும். கூடத்தில் மாட்டும் திரையின் ஒளியும் ஒலியும் வீட்டிலுள்ள அனைவர் மீதும் விழுகின்றன. வாங்கும் உரிமையைப் பணம் தருகிறது. பிறர் பொழுதின் மேல் அது உரிமை தருவதில்லை.

வீட்டில் இருப்பவர் சொல்லே நிற்க வேண்டும் என்பது இரண்டாவது விடை. முதற் குடும்பத்து மனைவிக்கு இது துணை நிற்கிறது. இதிலும் நியாயம் உண்டு. ஆனால் இதை முழுவதும் ஏற்றுக்கொண்டால், வெளிநாட்டில் உழைப்பவர் தம் வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிடுவார். ஆண்டில் பத்து மாதம் இல்லாதவர் என்பதனால் அவருடைய விருப்பத்துக்கு எடை இல்லை என்பது, அவர் யாருக்காக இல்லாமற் போனார் என்பதை மறப்பதாகும்.

இருவரும் இணங்கினால் வாங்குவது, ஒருவர் மறுத்தாலும் விட்டுவிடுவது என்பது மூன்றாவது விடை. கேட்பதற்கு நேர்மையாக இருக்கிறது. ஆனால் மறுப்பவருக்கு இது எப்போதும் வெற்றியைக் கொடுத்துவிடுகிறது. இரண்டாவது குடும்பத்துக் கணவரைப் பாருங்கள். வேண்டாம் என்று சொன்னதனால் அவருக்கு எந்த இழப்பும் இல்லை. அவருடைய கிரிக்கெட் அவர் கையிலேயே இருக்கிறது. இழப்பு முழுவதும் இரண்டு பெண்களுடையது. இத்தகைய மறுப்பைச் சிக்கனம் என்று அழைப்பது பொருந்தாது.

இவ்விடத்தில் நம் அறிஞர்கள் வகுத்த ஒரு படிநிலை நமக்கு உதவுகிறது. இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) எடுத்துரைத்ததும், கிரனாடாவில் வாழ்ந்து 1388-இல் மறைந்த இமாம் ஷாத்திபி தம் ‘அல்முவாஃபகாத்’ நூலில் விரித்துரைத்ததுமான மூன்று படிகள் அவை. இன்றியமையாதவை ‘ளரூரிய்யாத்’. இல்லாவிட்டால் இடர் விளைவிப்பவை ‘ஹாஜிய்யாத்’. வாழ்வுக்கு அழகு சேர்ப்பவை ‘தஹ்ஸீனிய்யாத்’. ஷரீஅத்தின் நோக்கங்களை விளக்குவதற்காக அவர்கள் இதைச் சொன்னார்கள். வீட்டுச் செலவுக்காக நாம் அதை இரவல் வாங்குகிறோம். இப்படிநிலையில் பொருளுக்கென்று நிலையான இடம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பார்வை மங்கிய மூதாட்டிக்குப் பெரிய திரை இரண்டாம் படியில் நிற்கிறது. கண் நலமுள்ள இளைஞருக்கு அதே திரை மூன்றாம் படியில் நிற்கிறது. ஒரு பொருள் தேவையா, ஆடம்பரமா என்று பொதுவாகக் கேட்பதால் பயனில்லை. இந்த வீட்டில், இந்த ஆண்டில், யாருக்கு அது எந்தப் படியில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

இதிலிருந்து ஒரு முறையை நாம் வகுத்துக்கொள்ளலாம். முதற்படியில் உள்ளதைக் கேட்பவர் சொல் நிற்க வேண்டும். அதற்கு மறுப்புக் கூறும் உரிமை எவருக்கும் இல்லை. மூன்றாம் படியில் உள்ளதை மற்றவர் மறுத்தால், மறுப்பவர் சொல் நிற்க வேண்டும். அழகுக்காக ஒருவர் மனத்தை வருத்துவது அழகாகாது. இடைப்பட்ட இரண்டாம் படியில்தான் தராசு வேண்டும். கிடைக்காவிட்டால் கேட்பவருக்கு என்ன இழப்பு, வந்துவிட்டால் மறுப்பவருக்கு என்ன சுமை என்ற இரண்டையும் இரு தட்டுகளிலும் வைத்துப் பார்க்க வேண்டும். மறுப்பவருக்கு இரண்டு கடமைகளும் உண்டு. காரணம் சொல்வது ஒன்று. கேட்டவருடைய குறையைத் தீர்க்க வேறு வழி காட்டுவது மற்றொன்று. இவ்விரண்டும் இல்லாத மறுப்பு வெறும் அதிகாரமே.

இம்முறையை அந்த இரண்டு குடும்பங்களுக்கும் பொருத்திப் பார்ப்போம். தையல் வேலை செய்யும் பெண்மணியின் கணவர் இணங்கிவிடுவதே முறை. பணம் அப்பெண்மணியுடையது. பயன் கணவரைப் பெற்ற தாய்க்கு. சுமை என்று அவர் சொல்லத்தக்கது மின்கட்டணம் ஒன்றுதான். பழைய பெட்டியைவிட 50 வாட் கூடுதலாக இழுக்கும் திரையை நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடவிட்டாலும் மாதம் ஏழரை யூனிட்டுதான் கூடும். வளைகுடாக் கணவரின் நிலை கடினமானது. கிரிக்கெட் பார்க்கும் பெரிய திரை மூன்றாம் படியில் நிற்கிறது. மகளின் படிப்புக்குக் கூடத்தின் அமைதி இரண்டாம் படியில் நிற்கிறது. ஆகவே மனைவியின் சொல்லே எடை மிகுந்தது. ஆனால் கணவர் கேட்டதன் அடியில் வேறொன்று இருக்கிறது. தம் வீட்டில் தாம் வீட்டுக்காரராக ஒரு முறை அமர வேண்டும் என்ற ஏக்கம் அது. அது மூன்றாம் படியைச் சேர்ந்ததன்று. மனைவி திரையை மறுக்கலாம், அந்த ஏக்கத்தை மறுக்கலாகாது. மகளின் தேர்வு முடியும் வரை தள்ளிப் போடுவதோ, திரையை வேறோர் அறையில் வைப்பதோ, அவர் ஊரிலிருக்கும் நாள்களில் மாலை வேளையைக் கூடத்தில் எல்லோரும் கூடும் வேளையாக ஆக்குவதோ அவர்கள் பேசிக் கண்டுகொள்ள வேண்டியது.

பேசி என்று சொன்னோம். திருமறையின் இரண்டாம் அத்தியாயம் 233-ஆம் வசனம் குழந்தைக்குப் பால்குடி மறக்கச் செய்வதைப் பற்றிப் பேசுகிறது. அதையும் தாயும் தந்தையும் மனமொப்பிக் கலந்தாலோசித்துச் செய்ய வேண்டிய காரியமாக அது காட்டுகிறது. அங்கே வரும் ‘தராளீ’, ‘தஷாவுர்’ ஆகிய சொற்கள் இரண்டும் அரபு இலக்கணத்தில் ‘தஃபாஉல்’ என்ற வடிவத்தைச் சேர்ந்தவை. இருவர் ஒருவருக்கொருவர் செய்யும் வினையை அவ்வடிவம் குறிக்கும். ஒருவர் முடிவு செய்துவிட்டு மற்றவரிடம் தெரிவிப்பதற்கு அச்சொற்களில் இடமில்லை. பாலூட்டும் உடல் தாயுடையது, அதற்கான செலவு தந்தையின் கடமை. ஆயினும் முடிவு இருவருக்கும் உரியதாயிற்று. உடலும் பணமும் வெவ்வேறாக இருந்த இடத்திலேயே இம்முறை என்றால், இருவரும் சேர்ந்து அமரும் கூடத்துக்கு வேறு முறை தேட வேண்டியதில்லை.

இந்த ஒளியில் பார்த்தால், நம்மிடையே பாராட்டப்படும் ஒரு பழக்கம் ஐயத்துக்குரியதாகிறது. மனைவிக்குச் சொல்லாமல் பெரிய திரையை வாங்கி வந்து திடீரென்று மகிழ்விப்பது என்கிறார்கள். மறுக்கக்கூடும் என்று தெரிந்தே வாங்கிய பொருள் அன்பளிப்பாகாது. வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பை அது முன்கூட்டியே பறித்துவிடுகிறது. அதன் பிறகு அவர் முகம் சுளித்தால் நன்றியில்லாதவர் என்ற பெயரும் சேர்ந்துவிடும். இடைப்பட்ட அளவு ஒன்றை வாங்கிச் சமாதானம் செய்துகொள்வதும் எப்போதும் நீதியாகிவிடாது. 32 வேண்டும் என்றவருக்கும் 55 வேண்டும் என்றவருக்கும் 43 வாங்கினால், கூட்டல் கழித்தல் சரியாகலாம். கூடத்தில் அமைதி வேண்டும் என்றவருக்கு அமைதியும் வரவில்லை, கூடி அமர வேண்டும் என்றவருக்குக் கூட்டமும் வரவில்லை.

தவணையைப் பற்றியும் ஒரு சொல். வட்டியில்லாத் தவணை என்று கடைவாசலில் எழுதியிருப்பதை நம்பி, மறுத்தவரும் இணங்கிவிடுகிறார்கள். இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், பூச்சிய வட்டி என்று ஒன்று இல்லை என்றும், வட்டி வேறு கட்டணத்தின் பெயரில் மறைந்து வருகிறது என்றும் எடுத்துக்காட்டியது. இன்று பழக்கத்திலுள்ள பல திட்டங்களில் வட்டிக்குச் சமமான தொகையைக் கடைக்காரர் விலையில் தள்ளுபடி செய்துவிடுகிறார். வங்கி அதை வட்டியாகவே வாங்கிக்கொள்கிறது. கடன் அட்டைக் கணக்கைக் கூர்ந்து பார்த்தால் வட்டி என்ற வரியும் அதன்மேல் போட்ட வரியும் தென்படும். வட்டியை அஞ்சும் நம் குடும்பங்கள், விலைச்சீட்டைப் படிப்பதற்கு முன் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து படித்தால் நல்லது. கையொப்பம் ஒருவருடையதாக இருந்தாலும், தவணை மாதந்தோறும் இருவர் அடுப்பிலிருந்துதான் போகிறது.

இல்லத்துக்குப் பெருமை வருவாய்க்குத் தக்க வாழ்வு என்று வள்ளுவர் கருதினார். அப்பொறுப்பை அவர் இல்லாள் மீது வைத்தார். வருவாய் இருவருடையதாகியும், செலவு இருவர் விரலிலும் இருக்கும் இக்காலத்தில் அது இருவருக்கும் பொதுவாகிவிட்டது. அதே நூலின் நிறைவு அதிகாரம் ஊடலின் இன்பத்தைப் பேசுகிறது என்பதும் நினைக்கத்தக்கது. ஊடலை அவர் உப்புக்கு ஒப்பிட்டார். அளவோடு இருந்தால் சுவை, மிகுந்தால் உணவே பாழ். கருத்து வேற்றுமை இல்லாத இல்லறத்தை அவரும் எதிர்பார்க்கவில்லை, நாமும் எதிர்பார்க்கவில்லை.

இன்றைய வீடுகளில் மற்றொரு நிலையும் இருக்கிறது. தெருவே கூடிப் பார்த்த பெட்டி வீட்டாருக்கு மட்டும் ஆயிற்று. பின்னர் வீட்டார் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு திரை வந்து, ஒரே கூடத்தில் நான்கு பேர் நான்கு உலகங்களில் அமர்ந்திருக்கிறார்கள். பெரிய திரை வேண்டும் என்று கேட்பவர் சில வேளைகளில், சிதறிப்போன குடும்பத்தைக் கூட்டிச் சேர்க்க வழி தேடுகிறார். அந்த எண்ணத்தை மதிக்கிறோம். ஆனால் திரை பெரிதானதால் மட்டும் யாரும் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுவதில்லை. எந்த வேளையில் கூடுவது, எப்போது அணைப்பது என்று இருவரும் முதலில் ஒப்புக்கொண்டால், பழைய பெட்டியே கூட்டிச் சேர்த்துவிடும். ஒப்புக்கொள்ளாவிட்டால் 65 அங்குலமும் சுவரை மறைக்குமே தவிர வேறொன்றும் செய்யாது.

ஆகவே இந்த வழக்கு எழுந்துள்ள குடும்பங்களுக்கு நாம் சொல்வது இதுதான். கடைக்குப் போவதற்கு முன் ஒரு மாலைப்பொழுது உட்காருங்கள். முதலில் இடத்தையும், அடுத்துப் பொழுதையும், கடைசியில் பணத்தையும் பேசுங்கள். கேட்பவர் தமக்கு உண்மையில் என்ன குறை என்பதைச் சொல்லட்டும். மறுப்பவர் தமக்கு உண்மையில் என்ன அச்சம் என்பதைச் சொல்லட்டும். பிள்ளைகள் அருகில் இருந்தாலும் பாதகமில்லை. நாளை அவர்களும் ஒரு வீட்டில் ஒருவரோடு கருத்து வேறுபட்டு நிற்பார்கள். குரலை உயர்த்தாமல் எப்படி வேறுபடுவது என்பதை அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் நம் கூடமே.